மின்-மருந்துச் சீட்டு விதிமுறையில் கவுன்ட்டருக்கு என்ன எழுதுவது?

சின்னவன்_ஃபார்மசி

வணக்கம். அரசு மருந்தகம் ஒன்றில் 4 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் சேவையில் காகிதச் சீட்டை விட்டுவிட்டு மின்-மருந்துச் சீட்டுக்கு மாறப் போகிறோம். விதிமுறை வரைவுக் குழுவில், கவுன்ட்டரில் நிற்பவர்கள் சார்பாக என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பு பெரியது, அனுபவம் குறைவு. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வரைவு இப்போது 11 பக்கம். அதில் 7 பக்கம் சர்வர், பாஸ்வேர்டு, பயிற்சி வகுப்பு, எந்தக் குழு எப்போது கூட வேண்டும் என்பதிலேயே போய்விட்டது. மருந்து கொடுக்கும் வேலையைப் பற்றி ஒரே ஒரு வரி: "மருந்தாளுநர் மின்-சீட்டைச் சரிபார்த்து மருந்து வழங்க வேண்டும்." அதை விரித்து எழுதித் தரும் வேலைதான் எனக்கு.

நான் சிக்கி நிற்கும் இடங்கள் இவை. செல்போனில் படம் எடுத்து அனுப்பிய சீட்டை மின்-சீட்டு என்று ஏற்கலாமா? எழுதிய மருந்தில் பாதிதான் ஸ்டாக்கில் இருந்தால் மீதிக்கு என்ன வழி? நெட்வொர்க் போனால்? போனே இல்லாதவர்களுக்கு? ஏற்கனவே மாறியவர்கள், முதல் வருடத்தில் எங்கே அடிபட்டீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய_கவுன்ட்டர்

தம்பி, கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் கவுன்ட்டரில் 22 வருடம். அதில் கடைசி 9 வருடம் மின்-சீட்டு. திரும்பக் காகிதத்துக்குப் போகச் சொன்னால் போக மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் புரியாமல் மூன்று பேர் தலையைக் குனிந்து ஒரு சீட்டைப் பார்த்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் உங்கள் வரைவில் இருக்கும் அந்த ஒரு வரி எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆபத்து எல்லாம் அந்த வரிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டு திரையில் வந்தது. 2.5 மில்லிகிராம் மாத்திரை, ஒரு வேளைக்கு 4, 28 நாளுக்கு. எத்தனை முறை என்ற கட்டத்தில் "தினமும்" என்று இருந்தது. மொத்த எண்ணிக்கையை கம்ப்யூட்டரே பெருக்கிப் போட்டிருந்தது: 112. அந்த 112தான் என் கையை நிறுத்தியது. இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மருந்து. நான்கு வாரத்துக்கு 16 மாத்திரை போதும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதே நின்று, உயிரே போகலாம்.

திரையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். "கூடுதல் குறிப்பு" என்ற பெட்டியில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: "திங்கள்கிழமை மட்டும்". போன் செய்தேன். அவர் பதறிவிட்டார். "நான் குறிப்பில் எழுதினேனே, அதுதானே உங்களுக்கு முதலில் தெரியும்?" என்றார். எனக்கு அது கடைசியில்தான் தெரியும். அதைவிட மோசம், மாத்திரை உறையில் ஒட்டும் லேபிளுக்கு அந்தக் குறிப்பு போகவே போகாது. கட்டத்தில் இருப்பது மட்டும்தான் அச்சாகும். நான் கவனிக்காமல் கொடுத்திருந்தால் அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகும் உறையில் "தினமும் 4" என்றே இருந்திருக்கும்.

"தினமும்" என்பதை அவர் தேர்ந்தெடுக்கவே இல்லை. எந்த மருந்தைத் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் அதுதான் முதலிலேயே நிரம்பி வரும். காகிதத்தில் இந்தத் தவறு வந்திருக்காது. காகிதத்தில் டாக்டர் ஒரே வாக்கியம்தான் எழுதுவார், அதைத்தான் நாங்களும் படிப்போம். இங்கே ஒரே சீட்டில் இரண்டு வாக்கியம் இருந்தது, ஒன்றுக்கொன்று எதிராக.

ஆகவே என் முதல் விதி: எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். டாக்டர் கையொப்பமிடும் முன், நோயாளியின் உறையில் அச்சாகப் போகும் வரி அப்படியே அவர் திரையில் தெரிய வேண்டும். குறிப்பும் கட்டமும் முரண்பட்டால், டாக்டரிடம் பேசித் தெளிவாகும் வரை மருந்தாளுநர் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம் என்று எழுதுங்கள். "நிறுத்தி வைக்கலாம்" என்ற சொல் விதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தாமதம் ஏன் என்று கேட்டு நம்மிடம்தான் விளக்கம் வாங்குவார்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்குத் தனி வரி போடுங்கள்: கட்டத்தில் முதலில் வருவது "வாரம் ஒரு முறை" என்றே இருக்கட்டும். "தினமும்" என்று மாற்றினால் என்ன நோய்க்கு என்று டாக்டர் எழுத வேண்டும்.

மருந்துப் பெயர் தேடும் பட்டியலும் இப்படித்தான். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றேதான், ஐந்தாவதில்தான் பிரிகின்றன. மூன்று எழுத்து தட்டியதும் பட்டியல் விழுந்தால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும். குறைந்தது 5 எழுத்து தட்டிய பிறகே பட்டியல் வர வேண்டும்.

படம் எடுத்து அனுப்பியது மின்-சீட்டு ஆகாது. அது காகிதச் சீட்டின் நிழல், அவ்வளவுதான். ஒரே படத்தைப் பத்து மருந்தகத்தில் காட்டலாம், பத்திலும் வாங்கலாம். மின்-சீட்டு என்பது டாக்டரின் மின்-கையொப்பத்தோடு மைய சர்வரில் இருக்கும் பதிவு. மருந்து கொடுத்ததும் அந்தப் பதிவு மாற வேண்டும், எல்லா மருந்தகத்துக்கும் அந்த மாற்றம் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் வரையறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

கையொப்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் டாக்டரின் பாஸ்வேர்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தது. கூட்டம் அதிகம், நர்ஸ்தான் சீட்டுப் போடுவார். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, வேலைப்பளு அப்படி. ஆனால் ஒரு தவறு நடந்தால் யார் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டை இன்னொருவர் தயார் செய்யலாம், கையொப்பம் மட்டும் டாக்டரே போட வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். அமெரிக்காவில் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு மின்-சீட்டை 2010இல் அனுமதித்தபோது பாஸ்வேர்டு மட்டும் போதாது என்றார்கள். மனதில் இருப்பது, கையில் இருப்பது, உடலில் இருப்பது என்ற மூன்றில் இரண்டு வேண்டும். பாஸ்வேர்டும் கைரேகையும், அல்லது பாஸ்வேர்டும் ஒரு சாதனமும். மார்ஃபின் போன்றவற்றுக்காவது இதை விடாதீர்கள்.

பாதி ஸ்டாக் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் முதல் வருடத்தில் திரையில் "வழங்கப்பட்டது" என்று ஒரே பொத்தான். ஒரு பெரியவருக்கு 5 இன்சுலின் பேனா எழுதியிருந்தது, என்னிடம் 2 இருந்தது. கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன், சீட்டு மூடிக்கொண்டது. மீதி 3 வாங்க வந்தவரிடம் சர்வர், எல்லாம் கொடுத்தாயிற்று என்றது. அவர் மறுபடி டாக்டரைப் பார்க்க ஓபி வரிசையில் காலையிலிருந்து நிற்க வேண்டியதாயிற்று. என்னால் வந்த அலைச்சல் அது. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எத்தனை கொடுத்தோம், எத்தனை மீதி என்று சீட்டே சொல்ல வேண்டும். மீதியை வேறு எந்த அரசு மருந்தகத்திலும் வாங்க முடிய வேண்டும். ஒரு மருந்தகம் திறந்து வைத்திருக்கும்போது இன்னொன்று அதையே கொடுத்துவிடாமல் பூட்டு வேண்டும்தான், ஆனால் பூட்டை விடுவிக்கவும் வழி வேண்டும். இங்கிலாந்தில் ஒரு மருந்தகம் தன் கம்ப்யூட்டரில் இறக்கிய சீட்டை மையத்துக்குத் திருப்பி விட்டால்தான் வேறு மருந்தகம் எடுக்க முடியும். யாராவது இறக்கிவிட்டு மறந்தால் நோயாளி நடுவில் நிற்பார். இத்தனை மணி நேரத்தில் தானாகவே விடுபடும் என்று ஒரு கெடு போடுங்கள்.

ரத்து செய்வதையும் மறந்துவிடாதீர்கள். டாக்டர் வார்ஃபரினை நிறுத்திவிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்தை எழுதுகிறார். பழைய சீட்டில் இன்னும் இரண்டு மாத மருந்து பாக்கி நிற்கிறது. நோயாளி இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தக்கசிவுதான். மருந்தை நிறுத்திய அந்த நிமிடமே பாக்கிச் சீட்டும் சாக வேண்டும்.

நெட்வொர்க் விஷயம் பெரியது. டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

வரிக்குவரி

மருத்துவமனை மென்பொருள் எழுதுபவன் நான். மேடம் சொன்ன 112 மாத்திரையைப் படித்துவிட்டு எங்கள் திரையில் போய்ப் பார்த்தேன். "தினமும்" என்றுதான் முதலில் நிரம்பி வருகிறது. நாளைக்கே மாற்றுகிறோம்.

என் பக்கத்திலிருந்து இரண்டு. முதலாவது, மருந்தின் பெயரை எழுத்தாக மட்டும் அனுப்பாதீர்கள், குறியீடும் போக வேண்டும். மருந்துகளுக்குக் குறியீடு தரும் உலக சுகாதார அமைப்பின் ஏடிசி பட்டியலில் மெட்ஃபார்மின் எங்கே போனாலும் ஏ10பிஏ02தான், பாராசிட்டமால் என்02பிஇ01தான். ஆனால் அது மருந்தைத்தான் சொல்லும். 500 மில்லிகிராமா 850ஆ, மாத்திரையா சிரப்பா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி எண் கொண்ட பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள் என்பது விதியில் இருக்க வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. ஆறு மாதத்தில் பட்டியல் பழசாகிவிடும், டாக்டர்கள் மறுபடி குறிப்புப் பெட்டியில் கையால் தட்ட ஆரம்பிப்பார்கள். அப்புறம் மேடம் சொன்ன அதே ஆபத்துதான்.

இரண்டாவது, எச்சரிக்கைப் பெட்டிகள். விதி எழுதும்போது எல்லாரும் "மென்பொருள் எச்சரிக்க வேண்டும்" என்று ஒவ்வொரு பத்தியிலும் சேர்ப்பார்கள். ஒரு சீட்டுக்கு எட்டுப் பெட்டி குதித்தால் டாக்டர் எட்டையும் படிக்காமல் மூடுவார். கம்ப்யூட்டரைச் சேர்த்தாலே தவறு குறைந்துவிடாது: அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கம்ப்யூட்டரில் மருந்து எழுதும் முறையை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஆய்வு, அந்த முறையே இடம் கொடுக்கும் 22 வகைத் தவறுகளைப் பட்டியலிட்டது. உயிருக்கு ஆபத்தானதுக்கு மட்டும் பாதையை மறியுங்கள். மற்றது ஓரத்தில் ஒரு வரியாக நிற்கட்டும்.

அம்மாவின்_மகள்

நான் மருத்துவத் துறை இல்லை. ஆனால் போன் இல்லாதவர்களுக்கு என்ன என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. தினமும் ஆறு மருந்து. மின்-சீட்டு வந்த பிறகு மருந்து வாங்க ஓடிபி வேண்டும் என்றார்கள், அம்மாவிடம் போன் இல்லாததால் என் எண்ணைக் கொடுத்தோம். ஒரு நாள் நான் வேலையில் மீட்டிங்கில் இருந்தேன், போன் சைலண்ட்டில். அம்மா கவுன்ட்டரில் நிற்கிறார். ஓடிபி என்னிடம் வந்து காலாவதியாகி, மறுபடி வந்து, மறுபடி காலாவதி. நான்கு முறை. வெளியே வந்து பார்த்தபோது 14 தவறிய அழைப்பு. அம்மா மருந்து இல்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் என்னிடம் சொன்னது: "என் மருந்தை நான் வாங்க உன் போன் வேணுமாம்." எனக்கு அந்த வார்த்தை இன்னும் மனதை அறுக்கிறது.

காகிதச் சீட்டு இருந்தபோது அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் வாங்கினார். தயவுசெய்து அந்த உரிமையைப் பறிக்கிற மாதிரி விதி எழுதாதீர்கள்.

பழைய_கவுன்ட்டர்

அம்மாவின்_மகள், இதைப் படித்ததும் எனக்கும் கஷ்டமாகிவிட்டது. ஓடிபி இல்லாமலும் செய்ய முடியும், பல நாடுகள் செய்திருக்கின்றன. எஸ்டோனியாவில் 2010 ஜனவரியில் இந்த முறை வந்தது. அங்கே அடையாள அட்டையைக் காட்டினால் போதும், எந்த மருந்தகமும் சர்வரில் இருந்து சீட்டை எடுத்துவிடும். வேறொருவர் போனால் நோயாளியின் அடையாள எண்ணைச் சொல்லி, தன் அட்டையைக் காட்ட வேண்டும். யார் யார் வாங்கலாம் என்பதை நோயாளி கட்டுப்படுத்தவும் முடியும். மனநல மருந்து சாப்பிடுபவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கவுன்ட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2020இல் தொடங்கியபோது எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் குறியீடு அனுப்பினார்கள். அந்தக் குறியீடு ஒரு சாவி மட்டும்தான், சீட்டு சர்வரில் இருக்கிறது. பாக்கி இருந்தால் ஒவ்வொரு முறை வாங்கியதும் புதுக் குறியீடு வரும். நிறைய மருந்து சாப்பிடுபவர்களுக்கு அத்தனை எஸ்எம்எஸ்ஸைத் தேடுவது பெரும்பாடு என்பதால், எல்லாச் சீட்டையும் ஒரே பட்டியலாக மருந்தகமே பார்க்கிற வழியையும் வைத்தார்கள்.

தம்பி, விதியில் இப்படி எழுதுங்கள்: போன் இல்லை என்பதற்காக யாரையும் மருந்தில்லாமல் அனுப்பக் கூடாது. கேட்பவருக்கு டாக்டரின் அறையிலேயே சீட்டு எண்ணும் பார்கோடும் அச்சிட்ட தாள் தர வேண்டும். அந்தத் தாளில் மருந்தின் பெயர், எப்போது சாப்பிடுவது என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். காகிதச் சீட்டு போனதோடு நோயாளி தன் மருந்து என்னவென்று கையில் வைத்துப் பார்க்கும் வழியும் பல இடங்களில் போய்விட்டது.

இப்போது நெட்வொர்க். போகுமா என்று கேட்காதீர்கள், போகும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரே ஒரு நிறுவனத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலால் நாடு முழுக்க மருந்தகங்கள் தடுமாறின. அதே வருடம் ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியபோது இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களால் மின்-சீட்டு அனுப்ப முடியவில்லை, காகிதத்துக்குப் போனார்கள். பின்லாந்தில் 2017இலிருந்து மின்-சீட்டு கட்டாயம். ஆனாலும் கோளாறு நேரத்தில் காகிதமோ போனில் சொல்வதோ செல்லும், மருந்தகம் அதைப் பின்னால் மையப் பதிவில் ஏற்றும்.

எங்கள் இடத்தில் ஒரு மதியம் சர்வர் மூன்றரை மணி நேரம் போனது. விதியில் இருந்தது "மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும்" என்ற வரி மட்டும். மாற்று ஏற்பாடு என்ன என்று அறைக்கு அறை ஒரு பதில். ஒரு டாக்டர் வெள்ளைத்தாளில் எழுதினார், இன்னொருவர் போனில் சொன்னார், மூன்றாமவர் நாளைக்கு வாருங்கள் என்றார். வலிப்பு மாத்திரை தீர்ந்துபோன ஒரு பையனும் அவன் அப்பாவும் இரண்டு அறைக்கும் எனக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் மூன்று நாளுக்கான மாத்திரையை என் பொறுப்பில் கொடுத்து நோட்டில் எழுதி வைத்தேன். கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்டால், எழுத்தில் இல்லை. வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் பையனுக்கு வலிப்பு வரலாம், அது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

ஆகவே, எத்தனை நிமிடம் சர்வர் வராவிட்டால் காகிதம் தொடங்கும், அதை யார் அறிவிப்பார் என்று எழுதுங்கள். நாங்கள் பிறகு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். வரிசை எண் அச்சிட்ட அவசரச் சீட்டுப் புத்தகம் ஒவ்வொரு அறையிலும் பூட்டி இருக்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடும் இன்சுலின், வலிப்பு, இதய மருந்துகளை, முன்பு கொடுத்த உறையையோ அச்சுத்தாளையோ பார்த்து, சில நாளுக்கு மட்டும் மருந்தாளுநர் கொடுக்கலாம் என்ற அதிகாரம் எழுத்தில் வேண்டும். சர்வர் வந்ததும் அன்றைய சீட்டுகளை அன்றே ஏற்ற வேண்டும், ஏற்றும் வரை அந்த நோயாளியின் பழைய சீட்டைத் திறந்தால் "நிலுவை" என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரே மருந்து இரண்டு முறை போய்விடும்.

சின்னவன்_ஃபார்மசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் குழுவில் கொடுத்தேன். அந்த ஒரு வரி இப்போது இரண்டரைப் பக்கம். பகுதி வழங்கல், பூட்டு விடுபடும் கெடு, ரத்து, அவசரச் சீட்டுப் புத்தகம் எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். ஓடிபி மட்டுமே போதும் என்றிருந்ததை எடுத்துவிட்டு, அடையாள அட்டை அல்லது அச்சுத்தாள் அல்லது ஓடிபி என்று மாற்றியாயிற்று. அம்மாவின்_மகள் எழுதியதைத்தான் படித்துக் காட்டினேன், யாரும் மறுத்துப் பேசவில்லை.

மருந்தாளுநர் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு மட்டும் எதிர்ப்பு. நோயாளி காத்திருக்க வேண்டி வரும் என்கிறார்கள். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முதல் மூன்று மாதம் காகிதமும் மின்-சீட்டும் சேர்ந்தே ஓடட்டும் என்கிறார்கள். அது சரியா?

பழைய_கவுன்ட்டர்

சேர்ந்து ஓடலாம், ஆனால் ஒரே சீட்டுக்கு இரண்டும் செல்லுபடியாகக் கூடாது. நாங்கள் அப்படி விட்டு, ஒருவர் காலையில் மின்-சீட்டிலும் மாலையில் காகிதத்திலும் தூக்க மாத்திரை வாங்கிப் போனார். எந்தப் பிரிவு எந்தத் தேதியில் மாறுகிறது என்று வையுங்கள். மாறிய பிரிவில் அச்சாகும் தாள் எல்லாவற்றிலும் "நகல்" என்று குறுக்கே பெரிதாக விழட்டும்.

நிறுத்தி வைப்பதற்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எழுதிய டாக்டரையோ அன்று பணியில் இருக்கும் இன்னொரு டாக்டரையோ உடனே பிடிக்க ஒரு போன் எண், அது ஒவ்வொரு மின்-சீட்டிலும் அச்சாக வேண்டும். அன்று அந்த டாக்டரின் நேரடி எண் என்னிடம் இருந்தது. மெத்தோட்ரெக்சேட் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தது 6 நிமிடம்தான். 16 மாத்திரையை எண்ணிக் கொடுத்து, திங்கட்கிழமை மட்டும் என்று உறையில் கையால் எழுதி, அவரைப் படித்துக் காட்டச் சொல்லி அனுப்பினேன்.